பேரேட்டில் ஏறாத கடன்: மென்பொருள் நிறுவனங்களின் தொழில்நுட்பக் கடனும் பாதுகாப்பு அபாயமும்

ஒரு மென்பொருளை விரைவாக வெளியிடுவதற்காகவோ செலவைக் குறைப்பதற்காகவோ, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடப்படும் வேலைகளுக்குத் தொழில்நுட்பக் கடன் என்று பெயர். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் 1992இல் ஊப்ஸ்லா மாநாட்டில் அளித்த அறிக்கையில் இந்த உவமையை முன்வைத்தார். அவருடைய குழு அப்போது வைகேஷ் என்ற முதலீட்டு மேலாண்மை மென்பொருளை எழுதிவந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஏன் திருத்தி எழுத வேண்டும் என்று மேலாளருக்கு விளக்க வேண்டியிருந்ததால், அவருக்குப் பழக்கமான நிதித்துறையின் மொழியிலேயே பேசினார். முதல் வெளியீட்டுக்காகக் கொஞ்சம் கடன் வாங்குவது தவறில்லை, உடனுக்குடன் திருத்தி எழுதி அடைத்துவிட்டால் அது வளர்ச்சிக்கே உதவும், அடைக்காவிட்டால் சரியாக அமையாத நிரலோடு கழியும் ஒவ்வொரு நிமிடமும் வட்டியாகிவிடும் என்பது அவர் வாதம். மோசமாக எழுதிவிட்டுப் பிறகு சரிசெய்யலாம் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை என்றும், வேலை நடக்க நடக்கக் கூடிவரும் புரிதலுக்கு நிரல் ஈடுகொடுக்காமல் பின்தங்குவதையே கடன் என்றதாகவும் அவர் பின்னாளில் விளக்க நேர்ந்தது.

யாரும் கடன் வாங்காவிட்டாலும் கடன் ஏறும் என்பதை அதற்கு முன்பே கணினி ஆய்வாளர் மெய்ர் லேமன் காட்டியிருந்தார். ஐபிஎம்மின் பெரிய இயங்குதளம் ஒன்று பதிப்புக்குப் பதிப்பு எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்த அவர், பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், சிக்கலைக் குறைக்கத் தனியாக உழைக்காவிட்டால் ஒவ்வொரு மாற்றமும் சிக்கலைக் கூட்டும் என்று 1970களிலேயே எழுதினார். இதோடு வெளியுலகமும் மாறுகிறது. பிறர் எழுதியதை எடுத்துச் சேர்த்த நிரல் நூலகங்களுக்கு வயதாகிறது, இயங்குதளங்களுக்கு ஆதரவு நிற்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தபோது, அதன்மேல் ஓடிய நிரல்களில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனாலும் அவை அனைத்தும் அன்றைக்குக் கடனாளியாயின. பாதுகாப்பைப் பொறுத்தவரை, தெரிந்தே வாங்கும் கடனைவிட இப்படிக் காலம் ஏற்றிவைக்கும் கடனே ஆபத்தானது. தெரிந்து வாங்கியவருக்குக் குறைந்தபட்சம் அது நினைவில் இருக்கும்.

சாதாரணத் தொழில்நுட்பக் கடனின் வட்டியை நிறுவனத்தின் பொறியாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு வாரம் இழுக்கும். பாதுகாப்பில் வட்டியை வசூலிப்பவர் வெளியாள். எப்போது வருவார், எவ்வளவு எடுப்பார் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. ஓர் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியாகும் நாளில், பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கும் வசதி தாக்குபவருக்கும் கிடைத்துவிடுகிறது. அதன்பின் நடப்பது ஓட்டப்பந்தயம். அதில் நிறுவனத்தின் வேகத்தை முடிவுசெய்வது அதன் பழைய கடன்தான். தானியங்கிச் சோதனைகள் இல்லாத இடத்தில் பேட்ச் போடப் பயப்படுகிறார்கள். ஐந்து பதிப்புகள் பின்தங்கிய நூலகத்தை ஒரே தாவலில் மேம்படுத்தினால் மென்பொருளே நின்றுவிடும். அந்த நூலகம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று தெரியாத நிறுவனமோ பந்தயத்தில் இறங்கவே இல்லை.

கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதல் இதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்று. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14ஆம் தேதி பேட்ச் வெளியிட்டது, மே 12ஆம் தேதி வானாக்ரை பரவியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன, நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காலாவதியான எக்ஸ்பி கணினிகளே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை ஆதரவு இருந்தும் பேட்ச் போடப்படாத விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரிந்தது. பழைய பொருளை வைத்திருந்ததைவிட, கைவசம் இருந்த மருந்தைக் கொடுக்க முடியாத நிலையே அங்கே பெரிய கடனாக இருந்தது.

இந்தத் துறையில் மிக நெருக்கமாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று, ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் 2017இல் நடந்த தரவுத் திருட்டு. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1899 முதல் இயங்கிவரும் இந்த நிறுவனம், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று வங்கிகளுக்குச் சொல்வதற்காகக் கோடிக்கணக்கான மனிதர்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைத்திருப்பது. 2005க்குப் பிறகு பல நிறுவனங்களை அடுத்தடுத்து வாங்கி வேகமாக வளர்ந்தது. வாங்கிய ஒவ்வொரு நிறுவனத்தோடும் அதன் கணினி அமைப்புகளும் வந்து சேர்ந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு 2018 டிசம்பரிலும் மேலவைத் துணைக்குழு 2019 மார்ச்சிலும் வெளியிட்ட அறிக்கைகள், உள்ளே என்ன நடந்தது என்பதை நாள்வாரியாகச் சொல்கின்றன.

அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்பது ஜாவா மொழியில் இணையப் பயன்பாடுகளைக் கட்ட உதவும் இலவசச் சட்டகம். கோப்பு ஏற்றும் வேண்டுகோளின் தலைப்புப் பகுதியில் சில வரிகளை நுழைத்தால் அவற்றை அது கட்டளையாக எடுத்துக்கொண்டு சர்வரிலேயே இயக்கிவிடும் என்ற ஓட்டை, 2017 மார்ச் 7ஆம் தேதி பேட்சோடு வெளியே தெரிந்தது. மறுநாள் அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு எச்சரித்தது. மார்ச் 9ஆம் தேதி ஈக்விஃபாக்ஸின் பாதுகாப்புப் பிரிவு 400க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போட வேண்டும் என்றது. அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆனால் ஸ்ட்ரட்ஸ் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனத்திடம் இல்லை. தங்கள் கடன் அறிக்கையில் பிழை இருப்பதாக மக்கள் முறையிடுவதற்கான இணையவாசல் ஒன்று இருந்தது. ஏசிஐஎஸ் என்று அழைக்கப்பட்ட அந்த அமைப்பின் வேர் 1970களுக்குப் போகிறது, பின்னாளில் இணையத்தோடு இணைக்கப்பட்டது. ஸ்ட்ரட்ஸ் அதற்குள் இருந்தது. அது இருப்பதை அறிந்த நிரலாளர் அந்த மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்த மேலாளர் அவருக்கு அதை அனுப்பவில்லை. சில நாட்கள் கழித்துப் பாதுகாப்புப் பிரிவு தானே ஸ்கேன் கருவியால் சர்வர்களை வருடிப் பார்த்தது. வருடும் கருவி மேல்நிலைக் கோப்புறையில் மட்டும் தேடியது, ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ உள்கோப்புறையில். ஓட்டை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

மே 13ஆம் தேதி தாக்கியவர்கள் அந்த வாசல் வழியே நுழைந்து 76 நாட்கள் உள்ளே இருந்தார்கள். ஏசிஐஎஸ் வேலை செய்வதற்கு மூன்று தரவுத்தளங்கள் போதும். ஆனால் அந்தச் சர்வரிலிருந்து மற்றவற்றுக்குப் போகும் பாதைகள் அடைக்கப்படவில்லை. பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கம் செய்யாமல் எழுதப்பட்ட கோப்பு ஒன்றும் அவர்கள் கையில் கிடைத்தது. அதை வைத்துத் தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களைத் திறந்தார்கள். சுமார் 9,000 வினவல்கள் அனுப்பினார்கள், அவற்றில் 265 தனிமனிதத் தகவல்களைத் தந்தன. சுமார் 14.8 கோடி மனிதர்களின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் முதலானவை போயின. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை மாற்றிக்கொள்ள முடியாது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் ஈக்விஃபாக்ஸைத் தேடிப்போய் வாடிக்கையாளரானவர்கள் அல்லர். வங்கிகள் கொடுத்த தகவல்கள் வழியாகவே அதன் கோப்புகளில் இடம்பெற்றவர்கள்.

இத்தனை வினவல்கள் ஏன் கண்ணில் படவில்லை? வெளியேறும் குறியாக்கப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் சாதனம் அங்கே இருந்தது. அது பிரிப்பதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எரிந்தன, உள்ளே என்ன போகிறது என்பதை மட்டும் அது பார்க்கவில்லை. நிறுவனத்தில் அப்படிக் காலாவதியான சான்றிதழ்கள் 300க்கு மேல். ஜூலை 29ஆம் தேதி மாலை புதிய சான்றிதழை ஏற்றியதும், சந்தேகத்துக்குரிய போக்குவரத்து உடனே தெரிந்தது. அந்தச் சாதனம் தன் வேலையைச் செய்ய அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இவையெல்லாம் முன்பே யாருக்கும் தெரியாதவையா என்றால், தெரியும். 2015இல் நடந்த உள்தணிக்கை, 8,500க்கும் மேற்பட்ட ஓட்டைகள் அடைபடாமல் கிடப்பதையும், அவற்றில் 1,000க்கு மேல் இணையத்தை நோக்கி நிற்கும் அமைப்புகளில் இருப்பதையும், என்னென்ன கணினிகளும் மென்பொருள்களும் இருக்கின்றன என்ற முழுப் பட்டியல் இல்லாததையும் எழுதிவைத்திருந்தது. தொடர் தணிக்கை நடக்கவில்லை. நிர்வாக அமைப்பிலும் ஒரு பழைய கடன் இருந்தது. முன்னொரு காலத்தில் தகவல்தொழில்நுட்பத் தலைவருக்கும் பாதுகாப்புத் தலைவருக்கும் ஒத்துவராததால், பாதுகாப்புப் பிரிவு சட்டப் பிரிவின்கீழ் மாற்றப்பட்டது. இருவரும் போன பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நீடித்தது. ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் ஒரு துறை, அடைக்க வேண்டியவர் இன்னொரு துறை, இருவருக்கும் பொதுவான மேலாளர் தலைமை நிர்வாகி மட்டுமே.

2017 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த முன்னாள் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்மித், ஒரு தனிநபரின் தவறையும் ஒரு கருவியின் தவறையும் காரணங்களாகச் சொன்னார். 14.8 கோடிப் பேரின் தகவல்கள் ஒரே ஒருவர் ஒரு மின்னஞ்சலை இன்னொருவருக்கு அனுப்புவதை நம்பி இருந்தன என்றால், பிழை அந்த மனிதரிடம் தொடங்கவில்லை. அவரை அந்த இடத்தில் தனியாக நிறுத்திய ஏற்பாட்டில் தொடங்கியது. முற்றிலும் தடுத்திருக்கக்கூடிய நிகழ்வு என்று கீழவைக் குழு முடிவுக்கு வந்தது. 2019 ஜூலையில் அரசு அமைப்புகளோடும் மாநிலங்களோடும் செய்துகொண்ட சமரசத்தில் நிறுவனம் குறைந்தது 57.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சீன ராணுவத்தைச் சேர்ந்த நால்வர்மீது அமெரிக்க நீதித்துறை 2020 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது.

ஈக்விஃபாக்ஸில் கடன் இருந்ததைவிட அந்தக் கடனுக்குப் பேரேடு இல்லாததே கேடாக முடிந்தது. நிதிக் கடன் ஐந்தொகையில் ஏறுகிறது, தணிக்கையாளர் கையெழுத்துப் போடுகிறார், கடன்கொடுத்தவர் தவணை கேட்டு வருகிறார். தொழில்நுட்பக் கடனை நினைவூட்ட அப்படி யாரும் இல்லை. எனவே அதை நிர்வகிப்பதன் முதல் படி அடைப்பது அல்ல, எழுதிவைப்பது. எந்தச் சர்வர், அதில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அதற்குப் பொறுப்பான மனிதர் யார், ஆதரவு என்றைக்கு முடிகிறது, இணையத்திலிருந்து அதை எட்ட முடியுமா, பின்னால் எந்தத் தரவு இருக்கிறது என்பவை பேரேட்டின் பத்திகள். இது சலிப்பூட்டும் வேலை. எந்த வெளியீட்டு விழாவிலும் இதைக் காட்ட முடியாது. ஆனாலும் பாதுகாப்புக்கென்று வாங்கப்படும் விலையுயர்ந்த கருவிகளில் பல, இந்தப் பட்டியல் இருந்தால்தான் பயன் தரும்.

2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்ஃபோர்ஜே ஓட்டை, இந்தப் பட்டியல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று காட்டியது. நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் இந்தச் சிறு ஜாவா நூலகத்தைத் தன்னார்வலர்கள் பராமரித்துவந்தார்கள். ஒரு நிறுவனம் அதை நேரடியாகச் சேர்த்திருக்கத் தேவையில்லை. வாங்கிய மென்பொருளுக்குள் இருக்கும் நூலகம் இழுத்துவந்த இன்னொரு நூலகத்துக்குள் அது புதைந்திருக்கும். பேட்ச் போடுவதைவிட, தங்களிடம் அது இருக்கிறதா என்று தேடுவதே பல நிறுவனங்களுக்குப் பெரும்பாடானது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணை, அரசுக்கு விற்கப்படும் மென்பொருளோடு அதன் உட்பொருள் பட்டியலையும் தர வழிவகை செய்திருந்தது. மருந்துப் பெட்டியில் கட்டாயமாக அச்சிடப்படும் ஒன்று, மருத்துவமனையையே ஓட்டும் மென்பொருளுக்கு அதுவரை கேட்கப்படாமல் இருந்தது வியப்புக்குரியது.

பேரேடு வந்த பிறகு, எதை முதலில் அடைப்பது என்ற கேள்வி எழும். எல்லாவற்றையும் அடைப்பது முடியாது, தேவையும் இல்லை. உள்வலையில் தனியாக நிற்கும், அடுத்த ஆண்டு நிறுத்தப்படவுள்ள நிரல் அழகற்றதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். 2024இல் மட்டும் உலகளவில் சுமார் 40,000 புதிய ஓட்டைகள் பதிவாயின. உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டவை என்று உறுதியானவற்றை அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை 2021 நவம்பர் முதல் தனிப்பட்டியலாகத் தொகுத்துவருகிறது. 2024 முடிவில் அதில் இருந்தவை மொத்தமே சுமார் 1,200. ஓட்டையின் தீவிர மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிறுவனம் களைத்துப்போகும். யாராவது ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறார்களா, வெளியிலிருந்து எட்ட முடியுமா, பின்னால் என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் அந்த நீண்ட பட்டியலைக் கையாளக்கூடியதாக ஆக்குகின்றன.

அடைக்கும் வழிகளில் மலிவானது நீக்குவது. வானாக்ரை பயணித்த பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே 2016இல் கேட்டுக்கொண்டிருந்தது, பலருக்கு அது தேவைப்படவும் இல்லை. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை பாதுகாப்பு சார்ந்ததல்ல என்றாலும் இங்கே பொருந்தும். பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு நிரல்பகுதி அதன் சர்வர்களில் கிடந்தது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட, அந்தச் செத்த நிரல் உயிர்பெற்று, 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது.

அசலை மொத்தமாக அடைத்தவர்களும் உண்டு. பில் கேட்ஸ் 2002 ஜனவரியில் எழுதிய குறிப்பைத் தொடர்ந்து, விண்டோஸ் பொறியாளர்கள் பல ஆயிரம் பேர் புதிய வசதிகளை நிறுத்திவைத்துவிட்டுப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் நிரல் ஆய்வுக்கும் போனார்கள். லிங்க்டின் 2011 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்து, அதே ஆண்டு நவம்பரில் புதிய வசதிகளை எல்லாம் சுமார் இரண்டு மாதம் நிறுத்தி, நிரலைக் கட்டிச் சோதித்து வெளியிடும் அமைப்பையே மாற்றியது. பங்குதாரர்களின் கண்முன் இதைச் செய்யத் துணிவு வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அது வாய்ப்பதில்லை.

பழையதை முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே நாளில் புதியதற்கு மாறுவது எல்லாவற்றிலும் அபாயமானது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் அப்படி மாறியபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். கட்டுப்பாட்டாளர்கள் 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள். இதற்கு மாற்றாக மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் ஒரு வழியை விவரித்தார். ஆஸ்திரேலியக் காடுகளில் வேறொரு மரத்தின்மேல் விழுந்து முளைத்து, வேரைக் கீழே இறக்கி, மெல்ல அதைச் சூழ்ந்துகொள்ளும் அத்தி வகை மரங்களே அவருக்கு மாதிரி. பனையைக் கட்டித் தழுவி நிற்கும் ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய அமைப்பின் முன்னால் ஓர் இடைப்பகுதியை வைத்து, வேண்டுகோள்களை ஒவ்வொரு வகையாகப் புதிய அமைப்புக்குத் திருப்பிவிட வேண்டும். சிக்கல் வந்தால் அந்த ஒரு வகையை மட்டும் பழையதற்கே திருப்பலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. எண்பது சதவீதம் மாறியதும் ஆர்வம் வற்றிவிடும், இரண்டு அமைப்புகளையும் சேர்த்துப் பராமரிக்கும் நிலை வந்துவிடும். பழையதை அணைக்கும் தேதியும் அதற்கான பணமும் தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

உடனே அடைக்க முடியாத கடனுக்கு வேலி போடலாம். ஏசிஐஎஸ் சர்வரிலிருந்து மூன்று தரவுத்தளங்களுக்கு மட்டும் பாதை விட்டிருந்தால், அதே ஓட்டை, அதே தாக்குதல், சேதம் மட்டும் பல மடங்கு குறைந்திருக்கும். பழைய அமைப்பைத் தனி வலையில் ஒதுக்குவது, தேவையான அளவு மட்டும் அனுமதி தருவது, கடவுச்சொற்களைக் கோப்பில் எழுதாமல் அதற்கென்ற பெட்டகத்தில் வைப்பது ஆகியவை நிரலில் கை வைக்காமலே செய்யக்கூடியவை.

நிறுவனத்தை வாங்குபவர் அதன் கடனையும் வாங்குகிறார். மாரியட் 2016இல் ஸ்டார்வுட் ஓட்டல் குழுமத்தை வாங்கியபோது, அதன் முன்பதிவு அமைப்புக்குள் 2014 முதலே ஊடுருவியவர்கள் இருந்தார்கள். 2018இல்தான் அது தெரிந்தது. கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்குச் சர்வர்களைப் புரட்டிப் பார்ப்பது அன்றைய கைமாற்றங்களில் வழக்கமாக இருக்கவில்லை.

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தின் சேவை நிறுவனங்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் பல ஆண்டுப் பழைய அமைப்புகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்குள்ள பொறியாளர்கள். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிச் சேமித்ததால் வந்த 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்த்த வேலை, இந்தியத் தகவல்தொழில்நுட்பத் துறைக்கு மேல்நாடுகளின் கதவைத் திறந்த காரணங்களில் ஒன்று. அதுவும் ஒரு தொழில்நுட்பக் கடனை அடைத்த வேலைதான். இன்றைய பராமரிப்பு ஒப்பந்தங்கள் பொதுவாக, எத்தனை புகார்கள் எவ்வளவு நேரத்தில் தீர்க்கப்பட்டன என்பதை அளக்கின்றன. ஓட்டையின் அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைப் பற்றி எழுத ஒப்பந்தத்தில் இடமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அந்த நிரலைப் பார்த்ததே இல்லை. ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்ற அலுவலக வழக்கு சோம்பலால் மட்டும் வந்ததல்ல. கை வைத்து ஏதாவது நின்றுவிட்டால் பழி தன்மேல் வரும், கை வைக்காமல் விட்டதற்கு யாரும் கேட்கப்போவதில்லை என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. பராமரிப்பு நேரத்தில் ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே கடன் அடைப்புக்கென ஒதுக்குவதும், பொறியாளர் எழுதித்தரும் அபாயக் குறிப்புக்கு வாடிக்கையாளர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று வைப்பதும் இந்தக் கணக்கை மாற்றும்.

சட்டமும் கேட்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கண்டறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2023இல் கொண்டுவந்த விதி, முக்கியமான சம்பவம் என்று முடிவானதிலிருந்து நான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதோடு, அபாயத்தை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதவும் சொல்கிறது. சான்றிதழ்களைப் பொறுத்தவரை, சான்றளிப்பவர்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, பொது இணையத்தளச் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச் 15 முதல் 47 நாட்களாகிவிடும். ஓர் அட்டவணையில் குறித்துவைத்து, ஞாபகம் வரும்போது கையால் புதுப்பிக்கும் பழக்கத்துக்கு அதன்பின் வழியில்லை. ஒவ்வொரு சான்றிதழும் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று தெரிந்து, புதுப்பித்தலைத் தானியங்கியாக்கிய நிறுவனங்களே அந்தத் தேதியைத் தாண்டித் தடையில்லாமல் ஓட முடியும்.